மரமில்லாப் பெருவெளி

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலிருந்து பேர்த் நகருக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர் நீளமுடையது. நாமே மோட்டார் வண்டியைச் செலுத்தி ஐந்து நாட்களில் அதனைக் கடந்தோம். இடையே கிடப்பது நல்லாபோர்ச் சமவெளி. இலத்தீன் மொழிவழி வந்த அப்பெயருக்கு மரமில்லாதது என்பதே பொருள்.

பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீற்றர் தூரத்துக்கு வளைவென்பதே இல்லை. உறக்கத்தை அழைக்கும் அந்நேர்கோடே சாரதிக்குப் பகை. ஆதலின் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை இறங்கி உலாவினோம். பொழுது சாய்ந்ததும் கங்காருக்கள் வீதிக்கு வருமாதலால், மாலைக்கு முன்னரே தங்குமிடம் சேர்ந்தோம்.

1841இல் எட்வேட் ஜோன் அயர் இக்கரையோரமாக நீரின்றி வாடி அல்பனியை அடைந்தார். இறுதிவரை உடன்சென்றவன் வைலி என்னும் பழங்குடி இளைஞன். நெடுஞ்சாலை அயரின் பெயரைத் தாங்குகின்றது; வழித்துணையாய் நின்ற வைலியையும் மாணவர் மறவாதிருத்தல் நன்று.