மேசை நடக்குதே மக்கா!

ஒரு மேசை செய்ய எத்தனை நாள் ஆகும்னு நினைக்கறீங்க? எங்க அப்பாவைக் கேட்டால் "ரெண்டு நாள்" என்பார். எனக்கு ஏழு மாசம் ஆனது. அதிலும் கடைசி மூணு மாசம், முடிச்சுட்டேன்னு நினைச்ச மேசையைத் திருத்தறதுக்கே போயிடுச்சு.

கொஞ்சம் முன்கதை சொல்லிடறேன். நாங்க நாகர்கோவில் பக்கம். அப்பாவுக்கு மரவேலை. கதவு, ஜன்னல், கட்டில், உத்தரம்னு ஐம்பது வருஷம் இழைத்த கை. சின்ன வயசில் நான் உளியைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். "நீ படிக்கணும்லே, இது என்னோட போட்டும்" என்பார். அப்படித் துரத்தப்பட்டுப் படித்து, புனேயில் கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பிழைக்கிறவனுக்கு, நாற்பது வயசில் மரத்தூள் வாசனை தேடி வந்தது. விதி :-)

அடுக்குமாடி வீட்டில் ரம்பம் ஓட்டினால் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மூணாவது ஞாயிற்றுக்கிழமையே கீழ் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அதனால் நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் சேர்ந்து சிங்ககட் ரோட்டுப் பக்கம் ஷட்டர் போட்ட ஒரு அறையை வாடகைக்கு எடுத்தோம். 10க்கு 14 அடி. தங்கமணி, "இந்த வாடகைக்கு வருஷத்துக்கு ரெண்டு கட்டில் ரெடிமேடா வாங்கலாம்" என்றாள். கணக்கு சரிதான், வாயைத் திறக்கவில்லை.

அவ்வளவு சின்ன இடத்தில் அறுக்க ஒரு மேசை, இழைக்க ஒரு மேசை, ஒட்ட ஒரு மேசைன்னு போட முடியாது. ஒரே மேசை எல்லா வேலையும் பார்க்கணும். நாலு வாரம் கம்ப்யூட்டரில் வரைந்தேன். 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம். மேற்பலகை 18 மி.மீ. பிளைவுட் மூணு அடுக்கு ஒட்டி 54 மி.மீ. கனம். கால்களுக்கு பவானி பேட் டிம்பர் மார்க்கெட்டில் வாங்கிய சால் மரம். எஃகு மாதிரி கனம், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

ஒரு முனையில் வைஸ். இன்னொரு முனையில் ரவுட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட ஒரு ஓட்டை. மேற்பலகை முழுக்க 20 மி.மீ. துளைகள், 96 மி.மீ.க்கு ஒன்று. அதில் முளையைச் செருகினால் பலகை நகராது, கிளாம்ப்பும் மாட்டலாம். ரம்ப மேசைக்குப் பின்னால் இதைத் தள்ளி வைத்தால் அறுபட்டு வரும் நீளப் பலகையைத் தாங்கும். அதற்காக உயரத்தை ரம்ப மேசையைவிட 2 மி.மீ. குறைவாக வைத்தேன். சமமா வைத்தால் தரை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பலகை முட்டிக்கும். இவ்வளவும் செய்கிற மேசை நகரவும் வேண்டுமே? நாலு காலிலும் பூட்டு வைத்த சக்கரம். செலவு 30,000 ரூபாயைத் தாண்டியது. தங்கமணிக்குச் சொன்னது 18,000.

இதற்கு நடுவில் அம்மா தவறிவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவை நாகர்கோவில் - மும்பை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பை துணி, ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் இழைப்புளிகள், உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல். "அங்கன எதுக்குப்பா இது?" என்றதற்கு, "பூட்டின வீட்ல துரு ஏறும்" என்று மட்டும் சொன்னார்.

பெற்றவர்களைக் கூட்டி வந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுத்தது என்னன்னு தெரிந்திருக்கும். பால்கனி நாற்காலி. மொழி தெரியாத தெரு. தங்கமணி "மாமா, காபி" என்றால் ஒரு தலையாட்டல். நான் ஆபீசிலிருந்து வந்தால் ஒரே கேள்வி: "டிக்கெட் போட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அறைக்குக் கூட்டிப் போனேன். உண்மையைச் சொன்னால், மேசையைக் காட்டி ஒரு வார்த்தை பாராட்டு வாங்கணும்னு ஆசை. அவர் மேசையை ஒரு சுற்று சுற்றினார். துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார். வைஸில் ஒரு கட்டையை இறுக்கி, என்னுடைய இழைப்புளியை எடுத்து ஒரு தள்ளு தள்ளினார்.

"மேசை நடக்குதே மக்கா!"

நூறு கிலோவுக்குக் குறையாத மேசை, பூட்டிய சக்கரத்தோடு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. மேலிருந்து வருகிற கனத்தைத்தான் நான் கணக்குப் போட்டேன். இழைக்கிறவன் பக்கவாட்டில் அல்லவா தள்ளுகிறான்! சக்கரப் பூட்டு உருளாமல்தான் தடுக்கும், ஆட்டத்தை நிறுத்தாது. போதாததற்குக் கால்களை வெறும் போல்ட் போட்டு முடுக்கியிருந்தேன். அதுவும் லேசாக ஆடியது.

அவரே வழியும் சொன்னார். காலுக்குக் கால் கீழே சட்டம், போல்ட் இல்லாமல் குடுமி செதுக்கித் துளையில் இறக்கி ஆப்பு அடிக்கணும். சக்கரத்துக்கு நான் ஒரு வழி பண்ணினேன். கீல் போட்ட பலகையில் மாட்டி, காலால் மிதித்தால் மேசை சக்கரத்தில் ஏறும், விட்டால் சொந்தக் காலில் உட்காரும். இப்போது யானை வந்து தள்ளணும்.

ஆனால் பெரிய தப்பு வேறொன்று. பத்து நிமிஷம் இழைத்திருப்பார், முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருஷமும் அவர் தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் விரலால் அழுத்திப் பிடித்தே வேலை செய்தவர். இப்போது முட்டி தேய்ந்து தரையிலும் உட்கார முடியாது, நின்றும் செய்ய முடியாது. மேசையின் உயரம் 34 அங்குலம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம். என் மணிக்கட்டு. எங்கள் வீட்டில் மரவேலை தெரிந்த ஒரே ஆளுக்கு நான் அளவே எடுக்கவில்லை.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். மரவேலை மேசை என்றாலே எல்லோரும் சொல்வது பிரான்சில் ரூபோ என்பவர் 1769-ல் தொடங்கி வெளியிட்ட புத்தகத்தில் வரைந்த, நின்று வேலை செய்யும் மேசை. அதற்கும் முன்னால் போனால் விஷயமே வேறு. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்றில், குட்டி மன்மதன்கள் தாழ்வான ஒரு பெஞ்சில் மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையின் கிணற்றிலிருந்து நிஜ பெஞ்சே கிடைத்திருக்கிறது. முட்டி உயரம். அதன் மேலேயே உட்கார்ந்து, வேலைப்பாட்டை முன்னால் வைத்து, உடம்பு கனத்தாலேயே அழுத்திக்கொள்ளலாம்.

மறுநாள் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை டேப் பிடித்தேன். 17 அங்குலம். "என்னலே, சட்டைக்கா அளக்க?" என்றார்.

மிச்சமிருந்த சால் மரத்தில் 5 அடி நீளம், 11 அங்குல அகலத்தில் ஒரு பெஞ்ச். உபயோகம் இல்லாதபோது பெரிய மேசைக்குக் கீழே சொருகிக்கொள்ளும். இழுத்தால் அப்பாவின் பட்டறை. குறுக்கே பலகை வைத்து அறுக்கலாம். என் மகள் ஏறி நின்று பெரிய மேசையில் வேலை பார்க்கலாம். அதன் கால்களுக்குத் துளை போடும்போதுதான் அது நடந்தது. பெட்டியைத் திறந்து, தன் அரை அங்குல உளியை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் கொட்டாப்புளியை ஓங்கினேன்.

"அடிக்காதலே. தட்டு. மரம் தானா விடும்."

ஒரு மணி நேரம் தட்டினேன். முடித்துவிட்டுக் கேட்டேன், "அன்னைக்கு ஏம்பா இதைத் தொடவே விடல?"

துளைக்குள் இருந்த தூளை ஊதினார். "ஏன், இப்ப என்ன கெட்டுப் போச்சு?"

அதற்கு மேல் பேச்சில்லை. அந்த மூணு மாசத்தில் அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து என் உளிகளையெல்லாம் தீட்டினார், என் நண்பருக்கு இந்தியும் தமிழும் இல்லாத ஒரு பாஷையில் இழைக்கக் கற்றுக்கொடுத்தார், மகளுக்கு ஒரு அஞ்சறைப்பெட்டி செய்தார். "டிக்கெட் போட்டியா" மட்டும் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஆனது, அவ்வளவுதான். கார்த்திகைக்கு அம்மா வைத்த விளக்கை அந்த வீட்டில் ஏற்றணும் என்றார். மறுக்க முடியவில்லை, போட்டுவிட்டேன்.

கிளம்புகிற அன்று துணிப்பையை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். பெட்டி எங்கேப்பா என்றேன்.

"பெஞ்சுக்கு அடியில இருக்கு. அம்புட்டுத் தூரம் எதுக்குத் தூக்கிட்டு அலையணும்? பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ எண்ணெய் போட்டு வை."

போன ஞாயிறு முதல் தவணை எண்ணெய் போட்டாச்சு.