ஆடும் தளத்திலிருந்து பார்த்த வெள்ளி

புதுச்சேரி,
ஜூன் 4.

அன்புள்ள தம்பிக்கு,

 

கப்பலில் சூரியனின் கோணம் அளக்கும் செக்ஸ்டன்டை இப்போது யாரும் தொடுவதில்லை, ஜி.பி.எஸ். போதும் என்று போன வாரம் சொன்னாயே, அது மனசிலேயே நிற்கிறது. இன்று காலை கடற்கரையில் நடந்தபோது லெ ஜான்தி நினைவுக்கு வந்தார். 1769-இல் இதே நாள் விடியற்காலை, போரில் இடிந்துகிடந்த நம் ஊர்க் கோட்டையில் தொலைநோக்கியோடு காத்திருந்த பிரெஞ்சுக்காரர். சூரியனை வெள்ளி குறுக்கே கடக்கும் நேரத்தைப் பல இடங்களிலிருந்து குறித்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். முன்னிரவில் தெளிந்திருந்த வானம் விடியும்போது மூடிக்கிடந்தது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. அடுத்த கடப்பு 1874-இல்தான்.

அந்த மேகத்தைச் சொல்லித்தான் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். எனக்கோ 1761-தான் பெரிய இழப்பாகப் படுகிறது. அந்த வருஷக் கடப்பைப் பார்க்கவும் இங்கேதான் வந்துகொண்டிருந்தார். வந்து சேருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் மொரீஷியஸுக்குத் திரும்பியது. ஜூன் 6, நடுக்கடல், நல்ல வெளிச்சம். வெள்ளி கடப்பதைப் பார்த்தேவிட்டார். ஆனால் எந்த நொடியில், எந்தத் தீர்க்கரேகையில் பார்த்தார்? ஊசல் கடிகாரம் கப்பலில் ஒழுங்காக ஓடாது. கண்டது அத்தனையும் கணக்கில் சேராமல் போயிற்று.

ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக்காரர், கப்பலுக்கான தன் எச்4 கடிகாரத்தை 1759-லேயே செய்து முடித்திருந்தார், தம்பி. அது 1761 நவம்பரில் ஜமைக்காவுக்குக் கப்பலேறி, 81 நாளில் சுமார் 5 நொடிதான் பிசகியது. அது லெ ஜான்தியிடம் இருந்திருந்தாலும் ஆடும் தளத்தில் முழுத் துல்லியம் கிடைத்திருக்காது. ஆனாலும் ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்காது என்றே நினைக்கிறேன். கடலில் நேரம் காட்டும் கருவி உலகில் இருந்தது. தேவைப்பட்டவர் கைக்கு வரவில்லை. நடுவில் இரண்டு நாட்டுச் சண்டை.

அடுத்த கடப்புக்காக லெ ஜான்தி எட்டு வருஷம் நாடு திரும்பாமல் காத்திருந்தார். இங்கே தமிழர்களிடம் கிரகணக் கணக்குகூடக் கற்றுக்கொண்டார். 1771-இல் பிரான்ஸுக்குத் திரும்பினால், இறந்துபோனதாக முடிவுகட்டிச் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள்.

உன் கையில் நொடி பிசகாத நேரம் இருக்கிறது. செக்ஸ்டன்டைப் பெட்டியிலிருந்து எடு. தினமும் உச்சிப்பொழுதில் ஒரு சைட் எடுத்து, கோணத்தையும் நேரத்தையும் எழுதி எனக்கு அனுப்பு. இங்கே நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா