கருப்பட்டிச் சீமையின் புகைவண்டி

வண்ணார்பேட்டைக்கு வருகிறவர்கள் தாமிரபருணியையும் அதன்மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தையும் பாராமல் போக முடியாது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு 1843-ல் கட்டுவித்த பாலம் இன்றும் பாரம் சுமக்கிறது. பழமையைப் போற்றுவதில் திருநெல்வேலிக்காரர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர் என்ற பெருமிதத்தோடு அங்கே பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது அந்தப் பெருமிதம் சற்றே குறைந்திருந்தது.

நான் புறப்பட்டது குலசேகரன்பட்டினத்துக்கு. முத்தாரம்மனைத் தரிசித்தது உண்மைதான். ஆனால் தேடிப் போனது ஒரு ரெயில் எஞ்சினை!

அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூரில், பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்றைப் பாரி கம்பெனியார் நடத்தினார்கள். ஆலைக்கென்று அவர்கள் போட்ட தண்டவாளத்தின் அகலம் 2 அடிதான். திசையன்விளையில் தொடங்கி, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரையில், செம்மணல் தேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் இடையே நீராவி எஞ்சின் ஊர்ந்து சென்றது. சரக்கோடு ஜனங்களும் ஏறிக்கொண்டார்கள். 1915-ஆம் ஆண்டு வாக்கில் ஆரம்பித்த இந்த ரெயில் 1940-ல் நின்றுபோயிற்று.

கால் நூற்றாண்டு ஓடிய வண்டி! ஊரில் காட்சிக்கென்று ஓர் எஞ்சினையும் காணோம். அது வெறும் இரும்பாக இருந்தால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். காலையும் மாலையும் பனையேறிப் பதநீர் இறக்கிய ஆண்களின் நெஞ்சுத் தழும்பும், அடுப்படியில் வெந்து அதைக் காய்ச்சிய பெண்களின் வியர்வையும் அந்த வண்டியில் ஏறிப் போயின. எஞ்சின் நின்றிருந்தால் அவர்களுக்கும் அது ஞாபகச் சின்னமாக இருந்திருக்கும்.

பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது ஆகாத காரியமா? 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சின் 1909-ல் ஓய்வு பெற்று, நூறாண்டுக் காலம் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர்த் தொழிலாளர்கள் அதைச் செப்பனிட்டு, 2010 ஆகஸ்டு 15-ஆந் தேதி சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓட வைத்தார்கள். நம்மவர் கைக்குத் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நீராவி எஞ்சினுக்கு ஓட்டத்தைவிடச் சும்மா நிற்பதே பெரிய ஆபத்து. அடுப்பில் தங்கிய சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். கொதிகலனில் மிஞ்சிய நீர் உள்ளிருந்து அரிக்கும். கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். ஆகவே சாம்பலை வழித்து, நீரை முற்றும் வடித்து, அசையும் பாகங்களுக்கு எண்ணெயிட்டு, மேலே ஒரு கொட்டகை போட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை துருவின்மேல் வர்ணம் பூசுவது, நோயாளிக்குப் பட்டுச் சட்டை மாட்டுவது போலத்தான்.

2024-ல் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கருப்பட்டி சுமந்த ஊர் ஆகாயத்தை எட்டப் போகிறது. இதைவிட மகிழ்ச்சி வேறென்ன? அந்தச் சின்ன எஞ்சின் இனி வராது. ஆனால் எங்கேனும் ஒரு தண்டவாளத் துண்டோ, டிக்கெட்டோ, போட்டோவோ ஒரு வீட்டுப் பரணில் கிடக்கலாம். வண்ணார்பேட்டைக்கு அருகே கொக்கிரகுளத்தில், 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து கூவும்போது, நேயர்கள் ஒரு கணம் அந்தப் பரணையும் அந்த மையத்தையும் நினைத்துக்கொண்டால் போதும்.