இரண்டாவது பாட்டிலை இப்போதே கலக்காதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

குட்டி அழுத அழுகையில் நான் போனில் சொன்னது பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது. அம்மா நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தோடு ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் இரண்டும் கொடுத்தனுப்புகிறேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தேன். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் ஆசிடும் சேர்ந்த சிரப், 5 மில்லிக்கு 457 மில்லிகிராம். வேளைக்கு 3 மில்லி, காலையும் இரவும், 7 நாள். குட்டியின் 12 கிலோவுக்குப் பொருத்தமான அளவுதான். மொத்தம் 42 மில்லி வேண்டும், பாட்டிலோ 30 மில்லி. அதனால்தான் இரண்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கி வைத்துவிடாதே. கலக்கிய மருந்து ஃபிரிட்ஜில் இருந்தாலும் 7 நாள்தான் தாங்கும். நடுவில் கரண்ட் வேறு போகும். முதல் பாட்டில் தீரட்டும், அப்புறம் அடுத்ததைத் திற.

கலக்கும்போதுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் இறுகிக் கிடக்கும் பவுடரை உதிர்த்துக்கொள். கூட வந்த தண்ணீரை, அது இல்லையென்றால் கொதித்து நன்றாக ஆறியதை, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்கு. மேலே நுரை கட்டும். அதைப் பார்த்து அளவு வந்துவிட்டதென்று நினைத்துவிடாதே. நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்கு. கலக்கிய தேதியை லேபிளிலேயே எழுதிவிடு. மருந்து அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் கெட்டியான மருந்தும் போகும்.

பாட்டில் கைதவறி உடைந்து புதிதாக வாங்க நேர்ந்தால், பெயரை மட்டும் பார்க்காதே. இதே மருந்து 228.5-லும் வருகிறது. அதில் 3 மில்லி கொடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும்.

பாட்டில் மூடியில் 2.5-க்கும் 5-க்கும் கோடு இருக்கும், 3-க்கு இருக்காது. வீட்டு ஸ்பூனோ ஒன்று சின்னது, ஒன்று பெரியது. அதற்குத்தான் சிரிஞ்ச். குட்டியை உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. மல்லாக்கப் படுக்க வைத்துத் தொண்டையில் பீய்ச்சினால் புரையேறிவிடும். பால் டம்ளரில் கலக்காதே. பாதி பாலை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து போனதென்று யாருக்குத் தெரியும்? சாப்பாடு ஆரம்பிக்கும்போது கொடுத்தால் வயிற்றைப் புரட்டுவது குறையும். கொடுத்த அரை மணிக்குள் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேள். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் கொடு; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடு, இரட்டிப்பாகக் கொடுக்காதே.

இந்த மருந்துக்கு வயிறு கொஞ்சம் இளகிப் போகும். தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் கொடு. ரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ காத்திருக்காதே. உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளை கொடுக்குமுன் டாக்டரிடம் காட்டு. உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108.

மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு ஓட ஆரம்பிப்பாள். "பிள்ளைக்கு எதுக்கும்மா இவ்வளவு மருந்து" என்று உன் மாமியார் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள், சண்டைக்குப் போகாதே. ஆனால் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடு. இரண்டு நாள் கழித்தும் காய்ச்சலும் வலியும் குறையவில்லையென்றால் திரும்பக் காட்டு.

பெரியவனுக்கு மூக்கு ஒழுகுகிறது என்றாய். மிஞ்சுகிற 18 மில்லியை அவனுக்கு ஊற்றிவிடாதே. சளி பெரும்பாலும் வைரஸ். அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது, அவன் எடையும் வேறு. அவனுக்குக் காய்ச்சலும் சேர்ந்தால் சொல், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
அக்கா