எதிர் சைட்டில் பூத்த வெள்ளைப் பூ

இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குப் பெங்களூரில் சைட் இருக்கிறது? கை தூக்குங்கள் பார்க்கலாம். (நம் ஊரில் வீட்டு மனை என்போம். இங்கே எல்லாருக்கும் அது 'சைட்'தான்.)

வங்கியில் வீட்டுக் கடன் ஃபைல் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன் நான். துபாயிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்துகொண்டு இங்கே ஒரு முப்பதுக்கு நாற்பது வாங்கிப் போட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. எல்லாரும் விவரமானவர்கள். காத்தா பேர் மாறிவிட்டதா, வரி கட்டியாச்சா, பக்கத்து சைட்காரர் கல்லைத் தள்ளி நட்டுவிட்டாரா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஆனால் "என் சைட்டில் என்ன முளைத்திருக்கிறது?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கும் எங்கள் அப்பாவின் கழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதுதான் இந்தப் பதிவு. நான் படித்தது பி.காம். வைத்தியம் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

அம்மா போனபிறகு அப்பாவைத் தூத்துக்குடியில் தனியாக விட மனசு வராமல் இங்கே கூட்டி வந்துவிட்டோம். எழுபது வயதுக்கு ஊர் விட்டு ஊர் வருவது லேசான காரியமா? பாஷை தெரியாது. ஆனால் காலை நடையில் நாலைந்து ரிட்டயர்டு ஆட்களைப் பிடித்துவிட்டார். கன்னடம், தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்து ஒரு மணி நேரம் அரட்டை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவருடைய நாளே ஓடியது.

முதல் வருஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் கண் இமையில் அரிப்பு ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து, காது, முழங்கை மடிப்பு. தோல் தடித்து, கறுத்து, ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து தூக்கமே போய்விட்டது. ஒரு டாக்டர் வெயில் அலர்ஜி என்றார். இன்னொருவர் படர்தாமரை என்று க்ரீம் கொடுத்தார். மூன்றாமவர் "வயசானா தோல் அப்படித்தான்" என்றார். போட்ட க்ரீமில் பத்து நாள் அடங்கும், நிறுத்தினால் மறுபடி வரும்.

கடைசியில் ஒரு நாள் அப்பா சொன்னார். "எய்யா, எனக்கு இந்த ஊரு ஒத்துக்கிடல. நான் ஊருக்கே போயிருதேன்."

ஊரில் யார் இருக்கிறார்கள்? பூட்டின வீடுதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வேலை கணக்கு எழுதுவது. ஒரு நோட்டில் தேதி, அவர் இருந்த இடம், அரிப்பு எவ்வளவு என்று மூன்று காலம் போட்டு எழுத ஆரம்பித்தேன். நாலு மாதம் எழுதியபிறகு பார்த்தால், தூத்துக்குடியில் அக்கா வீட்டு மூன்றாம் மாடியில் இருந்த மூன்று வாரமும் அரிப்பு பாதிக்குமேல் குறைவு. அங்கேயும் வெயில் இருக்கிறதே? இங்கேயாவது மேகம் மூடும், அங்கே மண்டையைப் பிளக்கிற வெயில். வெயில் அலர்ஜி என்றால் கணக்கு இடிக்கிறது.

அந்த நோட்டோடு ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா நோட்டை நிதானமாகப் படித்தார். அப்புறம் டார்ச் எடுத்து மேல் இமை, காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில் பார்த்தார். "வெயிலே படாத இடத்துலயும் இருக்கே சார். காத்துல வர்ற ஏதோ ஒண்ணு" என்றார். வெயிலால் வருவது பெரும்பாலும் இந்த மறைவான இடங்களை விட்டுவிடுமாம். தூசியாகக் காற்றில் வருவதற்கு மறைவு கிடையாது, மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாள்பட்டால் இரண்டும் கலந்தும் வரலாமாம். பார்த்ததை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் பேட்ச் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

பேட்ச் டெஸ்ட் இப்படித்தான். சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் சந்தேகப்படுகிற பொருள்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். இந்தியாவில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்று பார்த்து, இங்கத்திய தோல் டாக்டர்களே தயாரித்த வரிசை அது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். மறுபடி 96 மணி வாக்கில் ஒரு தடவை. அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. "குளிக்காம இருக்கதா?" என்று அப்பா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது :-)

நாலாம் நாள் ஒரு வட்டம் மட்டும் சிவந்து, தடித்து, பொடிக் கொப்புளத்தோடு நின்றது. பார்த்தீனியம்.

வேறு யாரும் இல்லை, நம் காங்கிரஸ் புல்தான். கன்னடத்தில் காங்கிரஸ் கிட. வெள்ளைக் குல்லா மாதிரி பூ என்பதால் அந்தப் பேர் என்கிறார்கள், அரசியல் வேண்டாம். மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. 1950களின் நடுவில் புனேயில் பரவியிருப்பதைப் பதிவு செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அதே புனேயில் கொத்துக் கொத்தாக ஆட்களுக்குத் தோல் வெடித்தபோது, லோன்கர் என்ற தோல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இந்தச் செடிதான் காரணம் என்று எழுதினார்கள். இலையிலும் பூவிலும் உள்ள பார்த்தினின் என்ற பொருள்தான் குற்றவாளி. செடி காய்ந்து நொறுங்கினாலும் தூளில் அது இருக்கும்.

பெங்களூருக்கு இது புதிய கதையே இல்லை. இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பாராவ் குழுவினர் இந்தச் செடியோடு புழங்குகிறவர்களைப் பரிசோதித்து 1977-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4 சதவீதம் பேருக்குத்தான் தோல் நோய் வந்திருந்தது. ஆனால் 56 சதவீதம் பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே உடம்பு அந்தச் செடியை எதிரியாகக் குறித்து வைத்திருந்தது. பேலன்ஸ் ஷீட்டில் வராத பொறுப்பு என்று நாங்கள் சொல்வோமே, அந்த மாதிரி. அப்பாவுக்கு முதல் வருஷம் ஏன் ஒன்றும் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

காரணம் தெரியாமல் க்ரீம் மாற்றுவது எப்படி என்றால், வித்தியாசம் எங்கே என்று தேடாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு டாலி பண்ணுவது மாதிரி. அன்றைக்கு டாலி ஆகும். ஆடிட்டில் திரும்ப வரும்.

வைத்தியம் என்ன? முதலில் அடங்குவதற்கு ஸ்டீராய்டு, கொஞ்ச நாளைக்கு மட்டும். அப்புறம் அசத்தியோபிரின் என்ற மாத்திரை. டெல்லி எய்ம்ஸில் இந்த நோய்க்கே இந்த மாத்திரையையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் ஒப்பிட்டு 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். குணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பக்கவிளைவும், நிறுத்தியபின் திரும்ப வருவதும் ஸ்டீராய்டில் அதிகம். அசத்தியோபிரினும் விளையாட்டு இல்லை. இரத்த அணுக்களையும் கல்லீரலையும் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தயவுசெய்து இந்தப் பதிவைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

வீட்டிலும் சில மாற்றம். நடை முடிந்து வந்ததும் குளியல். துணி மொட்டை மாடியில் காயப்போடுவதில்லை. அப்பாவுக்கு ரொம்ப வலித்தது ஒன்றுதான். சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாதவர்களுக்கு மற்றதும் ஆகாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் அம்மா படத்துக்கு அவர் கையாலேயே சாமந்தி கட்டிப் போடுவார். அம்மாவுக்குப் பிடித்த பூ. இப்போது மல்லிகை. ஒன்றும் சொல்லாமல் மாற்றிக்கொண்டார்.

ஆனால் செடி? எங்கள் வீட்டுக்கு எதிர் சைட் முழுக்க இடுப்புயரம் அதுதான். முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். ஒரு நல்ல செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் போடும். இதைத் தின்ன ஒரு வண்டையே மெக்சிகோவிலிருந்து 1983-ல் இங்கே ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தருவித்து, மறு வருஷம் வெளியே விட்டது. மழைக்காலத்தில் நன்றாகத் தின்கிறது. வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். கர்நாடக அரசும் 1975-லேயே இதைக் கேடு விளைவிக்கும் களை என்று அறிவித்தாயிற்று. வண்டும் சட்டமும் பாதி தூரம்தான் வரும். மீதிக்கு சைட்காரர் வேண்டும்.

வங்கிக்காரனுக்கு ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை என்று நினைப்பீர்கள். வாடிக்கையாளர் விவரத்தைச் சொந்தக் காரியத்துக்குத் தொடக்கூடாது. தெருவில் விசாரித்தே நம்பர் பிடித்தேன். கலிபோர்னியாவில் இருக்கிறார். பேசினால் நம்ம மதுரைக்காரர்! "சார், நான் வருஷா வருஷம் கரெக்டா வரி கட்டிட்டுத்தானே இருக்கேன்?" என்றார். உண்மைதான். நான் வாதம் செய்யவில்லை. அவர் சைட் படம் ஒன்று, அப்பா கழுத்துப் படம் ஒன்று, இரண்டையும் அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கேட்டார். "எங்கப்பா வயசுதான் சார் இருக்கும் போல. ஆள் விட்டு எடுக்க எவ்வளவு ஆகும்?"

இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை, பூக்கிறதுக்கு முன்னால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குகிறார்கள். கையுறை, முகமூடி போட்டுத்தான். பணம் அவருடையது, மேற்பார்வை என்னுடையது. அடுத்த தெரு சைட்களில் இன்னும் இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் கொஞ்சம் தலைகாட்டும். ஆனால் தூங்குகிறார். நடைக்குப் போகிறார். ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சு நின்றுவிட்டது.

கை தூக்கினவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை இங்கே இருக்கும் மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ போன் பண்ணும்போது காத்தாவோடு சேர்த்து இதையும் கேளுங்கள். "நம்ம சைட்ல வெள்ளையா ஏதாவது பூத்திருக்கா?"

பி.கு.: பிடுங்க ஆள் கிடைக்காவிட்டால், பூக்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து நல்ல வெயிலில் செடி நனைய அடிக்கலாம் என்று நம் ஊர் விவசாயத் துறையினர் சொல்கிறார்கள். பயிர் நிலத்தில் கூடாது, காலி மனைக்குத்தான். தூத்துக்குடிக்காரனுக்கு உப்பின் அருமையை யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ன?