மண்டையைப் பார்க்கிறவர்கள்

"காதை நல்லா ஒட்டி வைங்க, சாரே."

மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். முகத்துக்கு நேரே, தடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் கொழகொழப்பான நீர் வழிந்து காய்ந்திருந்தது. மென்று துப்பியது போன்ற நார், ஓட்டையின் வாயில் தொங்கியது. முதலில் என் மூச்சுதான் கேட்டது. பிறகு, கறுக், கறுக் என்று, யாரோ சுவருக்கு அப்பால் கரும்பு மெல்லுவது போல ஒரு சத்தம்.

"செம்பன் செல்லி. உள்ளே புழு தின்னுது" என்றார் அண்ணன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் தோட்டம் அது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடி. சற்று நடந்தால் தமிழ்நாட்டு எல்லை, களியக்காவிளை. அண்ணன் எல்லைக்கு இருபுறமும் தென்னை ஏறுகிறவர். முப்பது வருடத் தொழில். நம் வேளாண் நூல்கள் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு என்று எழுதுவதை அவர் கொம்பன் செல்லி, செம்பன் செல்லி என்கிறார். மரத்தின் கொண்டை அவருக்கு மண்டை.

அவர் உடனே மரம் ஏறவில்லை. அரைமணி நேரம் தோட்டத்தைச் சுற்றினார், அண்ணாந்து பார்த்தபடி. விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டு இருந்தால், அந்த ஓலை குருத்தாகச் சுருண்டிருந்தபோதே கொம்பன் துளைத்திருக்கிறது என்று பொருள். எத்தனையாவது ஓலையில் வெட்டு என்று எண்ணி, எப்போது குத்தியது என்று கணக்குச் சொன்னார். புது ஓலையிலும் வெட்டு இருந்தால் வண்டு இன்னும் மேலே இருக்கலாம். அப்படி ஐந்து மரங்களைக் குறித்துக்கொண்டார். கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

பிறகு தளப்பைக் காலில் மாட்டி ஏறினார். இடுப்பில் வெட்டுக்கத்தியோடு ஒரு செல்லிக்கோல். நுனியில் முள்போல் வளைந்த மெல்லிய இரும்புக் கம்பி அது. குருத்தின் அடியில் இருந்த துளைக்குள் அதை மெதுவாக விட்டு, ஒருமுறை திருகி, இழுத்தார். கீழே என் காலடியில் விழுந்த வண்டு என் கட்டைவிரல் நீளம் இருந்தது. கரும்பழுப்பு நிறம், பளபளப்பு, தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. குத்துப்பட்ட பிறகும் கால்கள் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. மேலே அவர் உள்மடல் இடுக்குகளில் மணலும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பினார். இளங்கன்று என்றால் இரண்டு மூன்று பாச்சா உருண்டைகளை வைத்து மணல் மூடுவாராம்; ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கொம்பனால் மட்டும் வளர்ந்த மரம் சாவது அரிது. ஆனால் அது போட்ட காயம் செம்பனுக்கு வாசல். காயத்தின் புளித்த வாசனைக்குக் கூன்வண்டு பறந்து வருகிறது, அங்கே முட்டையிடுகிறது, புழு உள்ளே இறங்கித் தடியைக் குடைகிறது. ஐந்து முதல் இருபது வயது வரையிலான மரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பச்சை ஓலையை வெட்ட நேர்ந்தால் மடலை மூன்று, நான்கு அடி விட்டு வெட்டச் சொல்வதும் இதனால்தான். தடியை ஒட்டி வெட்டினால் புழு தடிக்குள் இறங்கும் தூரம் குறைந்துவிடும். ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் காற்று சாய்த்த மரங்களிலும், 2018 வறட்சியில் வாடிய மரங்களிலும் பட்டைவண்டு பெருகிப் பரவியது. நலிந்த மரத்தைத் தேடி வண்டு வருவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

தோட்டத்தின் சாணக்குழியைக் கிளறியபோது வெள்ளைப் புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. கொம்பன் பிறப்பது மரத்தில் அல்ல, இங்கேயும் மக்கிய தென்னந்தடியிலும்தான். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தைக் குழியில் கலந்தால் புழுக்கள் நோயுற்றுச் சாகும். பெருவலம் செடியைப் பிடுங்கிக் குழியில் போடுவது பழைய வழக்கம். அதையும் ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். வைரஸ் ஒன்றும் உண்டு. 1909 வாக்கில் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவா தீவுக்குப் போய் அங்கே தென்னையை அழித்த கொம்பனை, 1963இல் மலேசியாவில் ஹூகர் என்ற ஆய்வாளர் கண்டறிந்த அந்த வைரஸை விட்டுத்தான் அடக்கினார்கள். 1980களில் லட்சத்தீவின் மினிக்காயிலும் ஆந்த்ரோத்திலும் நம் ஆய்வாளர்கள் அதையே செய்து பலன் கண்டார்கள்.

இத்தனை அறிவு கையில் இருக்கிறது. பாலராமபுரத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம், வெள்ளாயணியில் வேளாண் கல்லூரி, இரண்டும் இதே மாவட்டத்தில். ஆனாலும் மரங்கள் சாகின்றன. காரணம் எனக்கு அன்று மரத்தடியில் புரிந்தது: மேலே போய்ப் பார்க்க ஆள் இல்லை. முன்பு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. ஏறுகிறவர் காயோடு மண்டையையும் பார்த்து, பன்னாடை நீக்கி, செல்லி இருந்தால் குத்தி எடுத்துவிட்டு இறங்குவார். இப்போது வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் மாதங்கள் நீள்கின்றன. கூலியும் காய் பறிக்க மட்டும்தான். 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் ஏறு எந்திரத்தோடு இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவிக்கத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் பயின்றவர் மண்டையைப் பார்ப்பதற்குக் கூலி கேட்டால் மரக்காரர் முகம் சுளிக்கிறார்.

"நான் சொல்லுவேன், வண்டு குத்தியிருக்குன்னு. அது இருக்கட்டும், காயைப் போடும்பாங்க" என்றார் அண்ணன். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தச் சத்தம் கேட்ட மரத்துக்குத் திரும்பி வந்தோம். தொடக்கத்திலேயே கண்டிருந்தால் கீழ் ஓட்டைகளை அடைத்து, லிட்டருக்கு ஒரு மில்லி இமிடாகுளோபிரிட் கலந்த நீரை மேல் ஓட்டை வழியே ஊற்றிக் காப்பாற்ற வழி உண்டு. இதன் உள்ளோலைகள் ஏற்கெனவே வாடித் தொங்கின. மறுநாள் வெட்டிப் பிளந்தபோது தடியின் உள்ளே பஞ்சுபோல் நைந்த நார். அதற்குள் காலில்லாத, தடித்த மஞ்சள் புழுக்கள், நாரால் பின்னிய கூடுகள். எல்லாவற்றையும் தீயில் போட்டோம். பன்னிரண்டு வயது மரம், காய்க்கத் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

தென்னை வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை காய் வெட்ட ஆள் வரும்போது, மண்டையைப் பார்த்துச் சுத்தம் செய்யவும் சேர்த்துக் கூலி பேசுங்கள். இறங்கி வந்தவரிடம் மேலே என்ன கண்டார் என்று கேளுங்கள்.