கிப்லாவுக்குத் திரும்பும் நாற்காலி

சென்ற கோடையில் ஒன்பது நாள்கள் நாங்கள் சக்கரங்களின் மேல் குடியிருந்தோம். லண்டனிலிருந்து கிளாஸ்கோ வரை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அத்தொலைவை மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டுவண்டியில் ஊர்ந்து கடக்க வேண்டுமென்று பிடிவாதம் செய்தவர் எங்கள் உம்மாதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அவருக்கு வயது எழுபத்து நான்கு. "விமானத்தில் ஏற்றிவிட்டால் என்னை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் இருந்துகொள்வீர்கள். வண்டி என்றால் எல்லாரும் வந்தாக வேண்டுமே" என்றார். அவர் சொன்னதன் பொருள் எங்களுக்குப் புரிந்தது. கிளாஸ்கோவில் இருப்பவர் எங்கள் மூத்த காக்கா. அவரோடு எங்களுக்குப் பேச்சு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்று நாள்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனிடம் முகம் திருப்பியிருத்தல் ஆகாது என்பதை எங்கள் இளையவன் சனிக்கிழமை மதரஸாவில் மனனம் செய்துவந்து வீட்டில் ஒப்பித்தான். அப்போது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம்.

வாடகைக்குக் கிடைத்த வண்டி 3,500 கிலோவுக்கு உட்பட்டது. அதனால் சாதாரணக் கார் உரிமமே போதுமானதாயிற்று. உள்ளே ஆறு பேர் உறங்கலாம். இரண்டு அடுப்புகள், சின்னஞ்சிறு குளியலறை, 100 லிட்டர் நீர்த்தொட்டி. வாடகைக்காரர் எரிவாயு உருளையையும், கழிவுப் பெட்டியை உருவிக் காலி செய்யும் முறையையும் விளக்கிவிட்டு, இறுதியாக ஓர் அதிசயத்தைக் காட்டினார். முன்னிருக்கைகளின் அடியில் இருந்த நெம்புகோலை இழுத்தால் அவை சுழன்று பின்பக்கம் திரும்பின. வண்டி நிற்கும்போது முன்னிருக்கையும் வரவேற்பறை நாற்காலி ஆகிவிடும். உம்மாவுக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியில் அமர்ந்தே தொழுபவர். முதல் தரிப்பிலேயே கைப்பேசியில் திசை பார்த்து, அந்த இருக்கையைத் தென்கிழக்கே திருப்பி அமர்ந்துகொண்டார். இந்நாட்டில் கிப்லா தென்கிழக்கு. தக்பீர் கட்டுமுன் சொன்னார்: "இந்த வண்டியில் மார்க்கம் தெரிந்தது இந்த நாற்காலி ஒன்றுதான்."

100 லிட்டர் என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஐந்து பேர், ஐந்து வேளை ஒளு, சமையல், கழுவல் என்று கணக்கிட்டால் ஒரு பகலைத் தாண்டாது. முதல் நாள் மாலையே குழாய் கரகரத்து நின்றது. நபிகள் நாயகம் அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கால் கழுவுகிறவர்கள் நாங்கள். உம்மா தம்முடன் கொண்டுவந்த எவர்சில்வர் செம்பை எடுத்து, ஒரு செம்புக்குள் முகம், கை, தலை, கால் அனைத்தையும் முடித்துக் காட்டினார். அடியில் சிறிது மிச்சமும் இருந்தது. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு செம்பு என்பது சட்டமாயிற்று. மூத்தவள் இரண்டாம் நாளிலேயே தேறிவிட்டாள். எங்களுக்குத்தான் நான்கு நாள்கள் பிடித்தன.

முதல் இரவு லெஸ்டரில், லாத்தா வீட்டு வாசலில். எங்கள் குடும்பம் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தது, மச்சான் ஹனஃபி. லுஹரையும் அஸரையும் சேர்த்து ஜம்உ ஆக்கிக்கொண்டு வந்தோம் என்றதும் அவர் புன்னகைத்தார். ஹனஃபிகள் பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவார்கள். ஆனால் ஹஜ்ஜின் இடங்களில் அன்றி இரு வேளைகளை ஒன்றாக்கமாட்டார்கள். இருபது ஆண்டுகளாக நடந்துவரும் செல்லச் சண்டை இது. இஷாவுக்கு அவரே எங்களை முன்னே நிற்கச் சொன்னார். நாங்கள் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்தோம். உள்ளூர்க்காரரான அவர் எழுந்து மீதி இரண்டை நிறைவு செய்தார். பயணி இமாமாக நின்றால் அப்படி, உள்ளூர்க்காரர் இமாமாக நின்றால் அவருக்குப் பின்னால் பயணியும் நான்காகத் தொழ வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மச்சான் விளக்கினார். லாத்தா வண்டியின் அலமாரி கொள்ளாத அளவுக்கு ரொட்டியும் இறைச்சியும் கட்டித் தந்தார். மறுநாள் அலமாரியின் கொண்டியைப் போட மறந்து ஒரு வளைவில் திரும்பினோம். பீங்கான் தட்டுகள் இரண்டு அங்கேயே ஷஹீதாயின.

யார்க்‌ஷையரின் மலைப்புறத்தில் சாலைகள் குறுகியவை. இருபுறமும் சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது பின்னால் போயாக வேண்டும். போனவருக்கு மற்றவர் கையுயர்த்தி நன்றி சொல்வார். சிற்றூர் ஒன்றில் வறுத்த மீன் கடையைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். இந்தப் பக்கங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் பரவலாக உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் விசாரித்தோம். ஆம், மாட்டுக் கொழுப்புதான் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லி வண்டிக்குத் திரும்பினோம். அன்றிரவு சோறும் உம்மாவின் புளியாணமும். இளையவன் மட்டும் சற்று நேரம் பேசாமல் சாப்பிட்டான்.

மறுநாள் மால்ஹாம். கிராமத்திலிருந்து ஓடையோரமாக நடந்தால், வளைந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைச்சுவர் ஒன்று எதிரே எழுகிறது. சுமார் 80 மீட்டர் உயரம். பனியுகத்தின் இறுதியில் உருகிய நீர் அருவியாக விழுந்த இடம் அது. இன்று அருவி இல்லை. நீர் மேலேயே பாறை இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. 2015 டிசம்பரில் பெரும்புயல் ஒன்று வீசியபோது மட்டும், பல தலைமுறைகள் காணாத அருவி சில மணி நேரம் மீண்டும் விழுந்ததாம். அடிவாரத்தில் பாறைக்குக் கீழிருந்து ஓடை ஓசையின்றி வெளிப்படுகிறது. மேலே உள்ள ஏரியருகே மண்ணில் மறையும் நீரே இது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் சாயம் கலந்து சோதித்துப் பார்த்தபோது, அந்நீர் கிராமத்திற்கும் கீழே வேறோர் ஊற்றில் எழுவது தெரியவந்தது. இங்கே வருவது வேறொரு பக்கத்திலிருந்து மறையும் நீர். மண்ணுக்குள்ளே ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்கின்றன.

நாங்களும் பிள்ளைகளும் படியேறி, பாளம் பாளமாக வெடித்த பாறைத்தளத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பாளங்களுக்கு நடுவே ஆழ்ந்த பிளவுகள். அவற்றுள் வெயில் படாத இடத்தில் பெரணி வளர்ந்திருந்தது. இறங்கி வந்தபோது உம்மா ஓடையில் கைவிட்டபடி அமர்ந்திருந்தார். செம்பு பக்கத்தில் இருந்தது, ஒளு முடித்திருந்தார். கல்லாகிப்போகும் உள்ளங்களையும், பிளந்து நீர் தரும் கற்களையும் அல்பகரா அத்தியாயம் ஒரே வசனத்தில் பேசுகிறது. அதை நாங்கள் நினைத்தோம். வாய் திறந்து சொல்லவில்லை. உம்மாவோ அத்தகைய எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை. "தண்ணீர் ரொம்பக் குளிர்" என்றார்.

ஏரி மாவட்டத்தை அவசரமாகவே கடந்தோம். விண்டர்மியர் ஏரியைப் பார்த்தது வண்டியின் கண்ணாடி வழியாகத்தான். எங்கள் வண்டியின் நீளத்துக்கு நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கெஸ்விக் அருகே காசில்ரிக் என்னும் மேட்டில், ஐயாயிரம் ஆண்டுகள் பழமையான 38 கற்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றிடையே ஆடுகள் மேய்ந்தன. ஹெர்ட்விக் என்னும் அம்மலையாட்டின் குட்டி கறுப்பாகப் பிறந்து, வயது ஏற ஏறச் சாம்பல் நிறமாகி வெளுக்கிறது. நமக்கும் அப்படித்தானே என்று உம்மா முக்காட்டுக்குள் நரையைத் தள்ளிக்கொண்டார். ஜூலை இறுதியிலும் அங்கே இரவு முழுமையாக இருளவில்லை. மக்ரிபே ஒன்பது மணிக்கு மேல். இஷாவையும் அதனுடன் சேர்த்துத் தொழுதபோது வடக்கு வானில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் உறங்கிய பின் நாங்கள் வெளியே அமர்ந்து, நாளைக்கு வாசலில் நின்று முதலில் எதைச் சொல்வது என்று யோசித்தோம். ஸலாம் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். வாப்பா மௌத்தான பிறகு ஊரிலிருந்த வீடு பங்குக்கு வந்தது. பிரிப்பதில் சச்சரவு எதுவுமில்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது மக்களுக்கு என்று கணக்கு தெளிவாக இருந்தது. விற்க வேண்டுமா என்பதே கேள்வி. நாங்கள் அவசரப்பட்டோம். வங்கிக் கடனில் வாங்கிய லண்டன் வீட்டின் வட்டி எங்களை உறுத்திக்கொண்டிருந்தது. கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டால் ஹராமிலிருந்து விடுபடலாம் என்று எண்ணினோம். அந்த நியாயம் எங்களுக்கு எவ்வளவு வலுவாகத் தோன்றியதென்றால், காக்காவின் தயக்கம் மார்க்கத்துக்கே தடையாக நிற்பதுபோல் பட்டது. குறுஞ்செய்திமேல் குறுஞ்செய்தி அனுப்பினோம். ஒருநாள் அவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அதன் பிறகு எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. நாங்களும் சில மாதங்களில் அழைப்பதை நிறுத்திக்கொண்டோம்.

கிளாஸ்கோவில் அவர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, ஏழு மீட்டர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று திகைத்தோம். காக்கா நடைபாதையில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் தம் காரை எடுத்தார். அதற்கு முன்னால் நின்ற காரை அண்டைவீட்டுக்காரர் எடுத்தார். இரண்டு கார்களின் இடம் எங்கள் வண்டிக்குச் சரியாக இருந்தது. சுபுஹுத் தொழுதுவிட்டு வந்ததிலிருந்து அந்த இடத்தை அவர்கள் பிடித்துவைத்திருந்ததாக மதினி பின்னர் சொன்னார்.

ஸலாம் சொன்னோம், பதில் சொன்னார். உம்மாவைத் தாங்கி இறக்கினார். பிள்ளைகளின் தலையைத் தொட்டார். எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் இருப்பீர்கள்? கஸ்ரா, முழுத் தொழுகையா?" என்பது. நான்கு நாள்கள் தங்கும் எண்ணத்தோடு வந்தவர் பயணியல்லர் என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். இரண்டு இரவுகள் என்றோம். தலையசைத்துவிட்டு உள்ளே போனார். கூடத்துச் சுவரில் வாப்பாவின் வீடு சட்டமிட்ட படமாகத் தொங்கியது. திண்ணை, நீலக் கதவு, கிணற்றடி முருங்கை. சாப்பிடும்போது நாங்கள் இருவருமே அதற்கு முதுகு காட்டி அமரும்படி இடம் அமைந்துவிட்டது.

மறுநாள் எல்லாரையும் அவரே லோக் லோமண்ட் ஏரிக்கு அழைத்துச் சென்றார். பரப்பளவில் பிரிட்டன் தீவின் மிகப் பெரிய ஏரி அது. பிள்ளைகள் கரையில் கல் எறிந்து விளையாட, நாங்கள் அவர் பக்கத்தில் அமர்ந்தோம். தவறு எங்களுடையது, பொறுக்க வேண்டும் என்றோம். முன்னிரவில் தயாரித்திருந்த விளக்கங்களுள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்ததும் ஒருவகையில் நல்லதுதான்.

நீண்ட நேரம் ஏரியையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "வட்டியை விட்டு வெளியே வந்தீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய், ஒரு ராத்திரி அந்த வீட்டில் படுத்து எழுந்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றிருந்தேன். ஒரு மாதம் கேட்டேன். நீங்கள் அதைப் படித்தீர்களா என்றுகூடத் தெரியாது."

படித்திருந்தோம். சாக்குச் சொல்கிறார் என்று எங்களுக்குள் பேசியும் இருந்தோம். வாங்கியவர் அவ்வாண்டே வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார். காக்கா அதை மறுபடி பார்க்கவே இல்லை. திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்று அவரும் சொல்லவில்லை. "லுஹருக்கு நேரமாகிறது" என்று எழுந்தார்.

புல்லின்மேல் விரிப்பை விரித்து, கேளாமலே முன்னே போய் நின்றார். உள்ளூர்க்காரரின் பின்னால் நாங்கள் நான்கு ரக்அத் தொழுதோம். ஆறு நாள்களாக இரண்டிரண்டாகத் தொழுது பழகிய இளையவன் நடு இருப்பிலேயே ஸலாம் கொடுக்கத் திரும்பினான். மூத்தவள் முழங்கையால் இடித்தாள்.

புறப்படும் காலையில் உம்மா தம் பெட்டியை வண்டியில் ஏற்றவிடவில்லை. மூன்று வாரம் மூத்தவனோடு இருக்கப் போவதாக அறிவித்தார்; தம்மை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று லண்டனில் சொன்னவர் அவர்தான். செம்பை மட்டும் எங்களிடம் கொடுத்தார். காக்கா நான்கு சக்கரங்களையும் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஏறி, அந்தச் சுழலும் இருக்கையில் அமர்ந்து, ஒருமுறை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

தெற்கே வரும் வழியில், எம் 6 நெடுஞ்சாலையில் டீபே தரிப்பிடத்தில் நிறுத்தினோம். இளையவன் பழக்கத்தில் நெம்புகோலை இழுத்து உம்மாவின் நாற்காலியைத் தென்கிழக்கே திருப்பினான். பிறகு நினைவு வந்தவனாக எங்களைப் பார்த்தான். இருக்கட்டும் என்றோம். ஆளுக்கொரு செம்பில் ஒளுச் செய்து, புல்வெளியில் இரண்டும் இரண்டுமாகத் தொழுது எழுந்தபோது கைப்பேசி ஒலித்தது. காக்காவின் எண். எங்கே இருக்கிறீர்கள் என்றார், டீபே என்றோம்.

"இன்னும் பாதிக்கு மேல் வழி கிடக்கிறது. மெதுவாகவே போங்கள்" என்றார்.